கடைக்கு எதிரே ஒரு மணி நேரம்

கண்ணு,

நீ எப்படி இருக்கிறாய், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், பேத்திக்கு இருமல் விட்டதா? இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம்தான், அவருடைய இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. உன் வீட்டுச் சாவியைப் பஞ்சில் சுற்றி, "அம்மா, உன் ரூம் ரெடி" என்று சீட்டு வைத்திருந்தாயே, அதைப் படித்த கையோடு உன் அப்பா அலமாரி மேலிருந்து சூட்கேஸை இறக்கித் துடைத்துவிட்டார். நானும் சொன்னதை மறக்கவில்லை. தையல் கடை வாடகை ஒப்பந்தம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அதற்குள் கடை தலைநிமிராவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன் என்றுதானே சொன்னேன்? இதை நின்றுகொண்டே படிக்காமல் உட்கார்ந்து படி.

பக்கத்துச் சலவைக்கடை அக்கா போன மாதம் என்னைப் பிடுங்கி எடுத்து, யுனிவர்சிட்டியில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற மையம் ஒன்று இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள், போய்த்தான் பாரேன் என்று அனுப்பிவைத்தாள். காசில்லாத ஆலோசனைக்கு பஸ் ஏறிப் போவானேன், அதுதான் உன் அப்பா வீட்டிலேயே மூன்று வேளையும் தருகிறாரே என்று முனகிக்கொண்டுதான் போனேன். நூலகத்துக்குப் பின்னால் சின்னதாக இரண்டு அறை. எனக்கு முன்னால் ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரர், கைக்குழந்தையும் மெழுகுவர்த்திப் பெட்டியுமாக ஒரு பெண். சரி, நான் மட்டும் இல்லை என்று கொஞ்சம் தெம்பு வந்தது. ஆலோசகர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், பத்து வருஷம் பேக்கரி நடத்தி நொடித்துப்போய் அதற்கப்புறம் படித்து இந்த வேலைக்கு வந்தவளாம். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. உங்க கடைக்கு யாரெல்லாம் வராங்க என்று கேட்டாள். எல்லாரும் வராங்க என்றேன். எல்லாரும்னா யாரும்மா என்றாள். முப்பது வருஷமாக ஊசி பிடிக்கிறவள், விரல் மடக்கி எண்ணப் பார்த்தேன், இரண்டு விரலோடு நின்றுவிட்டது. ஏதோ பெரிய திட்டம் போட்டுத் தருவாள் என்று பார்த்தால், நாளைக்கு நானும் வரேன், உங்க கடைக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்ல ஒரு மணி நேரம் உக்காரலாம், கடைக்குள்ள இருந்தே பாக்கறவங்களுக்குக் கடை தெரியாது என்றாள். இதைச் சொல்லவா ஒரு யுனிவர்சிட்டி என்று உன் அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

ஆனாலும் போய் உட்கார்ந்தேன், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. அங்கிருந்து பார்த்தால் நம் கடையில் என்ன தெரிகிறது சொல், அந்தப் பொம்மைதான். அதன் மேல் உனக்காக நான் தைத்த கல்யாணக் கவுன். நீ ஜீன்ஸோடு போய் ரெஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் பொம்மைக்கு வாழ்வு வந்த அதே கவுன், பதினோரு வருஷ வெயிலில் பல் தேய்க்காதவன் பல் மாதிரி மஞ்சளாக நிற்கிறது. பேண்ட் ஓரம் மடிக்கவோ ஜிப் மாற்றவோ அந்த வாசலில் நானே ஏற மாட்டேன். அப்போது ஆஸ்பத்திரி ஷிஃப்ட் முடிந்த நர்ஸ் ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆலோசகர் அம்மா சாதாரணமாக, இங்க தையல் கடை ஏதாவது இருக்கா என்று கேட்டாள். அவள் நம் கடையைக் காட்டி, அந்தம்மாவுக்கு அருமையான கை, என் யூனிஃபார்ம்ல உள்பாக்கெட் வெச்சுக் குடுத்தாங்க, ஆனா காசே வாங்கல, இன்னும் மூணு யூனிஃபார்ம் கெடக்கு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மறுபடி போறது, எங்க வார்டுல பாதிப் பேர் இப்படித்தான் போகாம இருக்கோம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பாக்கெட்டுக்குப் போய்க் காசா, துண்டுத் துணிதானே, போயிட்டு வாம்மா என்று பெருமையாக அனுப்பிவைத்தேனே, அதுதான் அவர்களைத் திரும்ப வரவிடாமல் செய்திருக்கிறது! நான் கண்ணாடியைக் கழற்றினேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. மூணையும் கொண்டு வா கண்ணு, இந்தத் தடவை வாங்கிக்கறேன் என்றேன்.

விலைப் பலகை எழுத ஆலோசகர் அம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அடிமாட்டு விலை சொன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள், மனசில்லாமல் ஏற்றிச் சொன்னால் திறப்பாள். பொம்மைக்கு இப்போது நர்ஸ் யூனிஃபார்ம், பாக்கெட்டெல்லாம் தெரிகிற மாதிரி உள்பக்கம் வெளியே திருப்பி மாட்டியிருக்கிறேன். மூன்று வாரமாக மாட்டி வைக்க ஹேங்கர் போதவில்லை. உன் அப்பா முழங்காலை மறந்துவிட்டு உட்கார்ந்து தையல் பிரிக்கிறார், வருகிற நர்ஸுகளிடம் பஸ் ஸ்டாப் யோசனையே தன்னுடையது என்று வேறு அளக்கிறார்.

அதனால் கண்ணு, நேற்று இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்காமல் போட்டேன், கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், நானும் மனசு மாறியிருப்பேன். உன்னோடு இருக்க ஆசை இல்லாமலா? தினமும் அந்தச் சீட்டை எடுத்துப் படிக்கிறேன். ஆனால் வேலை இல்லாதவளாக வந்து உன் வீட்டு நாற்காலியில் உட்காருவதைவிட, லீவு போட்டுவிட்டு வருகிறவளாக வரத்தான் ஆசைப்படுகிறேன்.

பேத்தியின் அளவை நூல் பிடித்து எடுத்து அனுப்பு, குத்துமதிப்பாக அனுப்பாதே. கவுனில் மஞ்சளாகாத பக்கத்துத் துணி அவளுக்கு ஒரு சட்டைக்குக் காணும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எடுத்தெறிந்து பேசாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருங்கள். காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை போன் பண்ணாதே, கை வேலையில் இருக்கும். சாவியைத் திருப்பி அனுப்பமாட்டேன். என் உடுப்பிலும் ஒரு உள்பாக்கெட் தைத்து அதற்குள் போட்டிருக்கிறேன், குனிந்து தைக்கும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கிறது.

உன் அம்மா