சான்று எண் நான்கு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? போன் பண்ணினால் எடுக்கமாட்டாய், அதனால் கடிதம். பாப்பா பள்ளிக்கூட வேலைக்காக விக்கிப்பீடியாவில் நம்ம ஊர் மில் தீவிபத்துக் கட்டுரையைப் படித்தாள். ‘பகல் காவலாளி தூங்கிவிட்டதால் ஒன்பது பேர் இறந்தனர்’ என்று இருக்கிறது. வாக்கியத்தின் முடிவில் நான்கு என்று ஓர் எண். அந்தக் காவலாளி அவள் தாத்தாதான் என்று எந்த வாயால் சொல்வேன்? நீதான் வருஷக்கணக்காக விக்கியில் எழுதுவதே கதி என்று கிடக்கிறாயே, அதை எடுத்துவிடு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வேறொருவர் திரும்பப் போட்டுவிட்டார். ‘சான்று இருக்கிறது, நீக்கக்கூடாது’ என்றார். நானே பலபேருக்குச் சொன்ன பதில்தான்.

நான்காம் சான்று ஒரு பத்திரிகைக் கட்டுரை. அதை எழுதிய நிருபரைத் தேடிப் பிடித்தேன். “விக்கியில பாத்துதான் சார் எழுதினேன்” என்றார். விக்கியில் முதலில் எழுதியது யார் என்று பழைய பதிவுகளைப் புரட்டினேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால், சான்று ஒன்றும் இல்லாமல், நான். பிறகு அந்தப் பத்திரிகை கண்ணில் பட்டதும், சான்று கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சேர்த்ததும் நான்தான்.

சின்ன வயதில் பையன்கள் சொன்னதை நம்பிவிட்டேன் அக்கா. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லையே.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், எழுதியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. “தூங்கினவர் கை எப்படிடி வெந்துபோகும்?” என்றாள். பூட்டியிருந்த பின்கதவை அப்பா வெறுங்கையால் பிடித்து இழுத்தாராம். சாவி மேனேஜரிடம் இருந்ததாம். சாகும்வரை அவர் விரல்கள் மடங்கவில்லையே, நீயும் பார்த்தவன்தானே?

எல்லாவற்றையும் சொல்கிறேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதிக்கொள். ஐந்து என்று எண் போட்டு அம்மாவைச் சேர்த்துவிடு.

அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்கா,

அம்மா வாயால் சொல்வது சான்றாகாது. அச்சில் வந்திருக்க வேண்டும். விசாரணை அறிக்கை எங்கே என்று எந்த அலுவலகத்திலும் தெரியவில்லை. தப்பாக எழுதியது நான்தான் என்று விக்கிக்காரர்களிடம் ஒப்புக்கொண்டேன். ‘நீங்கள் அவர் மகன், இந்தக் கட்டுரையைத் தொடாதீர்கள்’ என்கிறார்கள். இதற்குள் ஒரு புத்தகமும் அந்தப் பத்திரிகையைப் பார்த்து எழுதிவிட்டது. அதுதான் இப்போது ஐந்தாம் சான்று.

எந்த முகத்தோடு அம்மா முன்னால் வந்து நிற்பேன்?

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

மூன்று ஞாயிற்றுக்கிழமை அம்மா காலையிலேயே தலைவாரிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நேற்று அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள். நான்கு, ஐந்து என்று என்ன எண்கள் என்றாள். சாட்சிகள் என்றேன்.

“இவங்க யாரும் அன்னைக்கு அங்க இல்லையேடி. முதல்ல எழுதினது யாரு?”

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

இனி நீ வர வேண்டாம்.

அக்கா