காய்ச்சல் இல்லாத ஞாயிறு

நாள் 212. 09:10
செவ்வாய்க் கோள், எபெனேசர் குடியிருப்பு. மருத்துவ அலுவலர் எப்சிபா எழுதுவது. மக்கள்தொகை 403. கொள்ளைநோய்ச் சாவு இதுவரை 19. ஆறு நாளாகப் புதிய நோயாளி இல்லை. ஆலயம் பூட்டி ஐம்பது நாள். பதினான்கு நாள் சுத்தமாகக் கழிந்தால் திறக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். காற்றழுத்தம் சரி.

நாள் 213. 16:40
குடியிருப்புத் தலைவர் சற்குணம் வானொலித் தொடர்பில் என்னிடம் பேசினார். அப்படியே பதிகிறேன்:

"டாக்டரம்மா, ஞாயித்துக்கெழம கோயிலத் தொறக்கோம். இந்தப் பருவத்துல திருவிருந்து எடுக்காதவனுக்கு சேகரத் தேர்தல்ல ஓட்டு இல்ல. பருவம் அன்னைக்கோட முடியுது. எங்க ஆளுவ ஓட்டு பூரா போயிரும். நீங்க எதிரணிக்கு வேல பாக்கீங்களோ?"

சேகரம் என்பது எங்கள் சபை வட்டாரம். அதன் கமிட்டியைப் பிடிப்பவர் கையில்தான் இங்கே தண்ணீர்ப் பங்கீடு. பக்தி என்று யாரும் என்னிடம் கதை விட வேண்டாம். எதிரணியும் திறக்கத்தான் சொல்கிறது. போதகரும் தலையாட்டிவிட்டார். வெட்கங்கெட்ட கூட்டம்.

நாள் 214. 11:00
குடியிருப்பு மன்ற வாக்கெடுப்பில் ஒன்பதுக்கு இரண்டு. தோற்றேன். ஆலயக் காற்றுக்குத் தனிச் சுற்று, வாசலில் காய்ச்சல் சோதனை, சந்தேகம் வந்தால் வெளியிலிருந்து பூட்டும் அதிகாரம்: இவ்வளவுதான் அவர்களிடமிருந்து பிடுங்க முடிந்தது. ஆளுக்கொரு குப்பி கேட்டேன். எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பதுதான் திருவிருந்து முறையாம்.

என் கணவர் தியோடர் சேகரச் செயலாளர். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. பேசாமல் போகட்டும்.

நாள் 216, ஞாயிறு. 08:30
138 பேர் வந்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

10:15
பாத்திரம் பாதி வரிசை தாண்டும்போது இருவர் பீடத்தருகே சரிந்தார்கள். ஓடிப்போய் மருந்து அலமாரியைப் பார்த்தேன். காய்ச்சல் மாத்திரை ஒன்றுகூட இல்லை. விழுங்கிவிட்டு வந்து என் சோதனையைத் தாண்டியிருக்கிறார்கள், ஓட்டுக்காக. ஆறு நாள் நோயாளி இல்லை என்று நான் எழுதியதும் பொய். மறைத்திருக்கிறார்கள். அலமாரியின் மறுசாவி தியோடரிடம் இருக்கிறது.

10:22
ஆலயத்தை வெளியிலிருந்து பூட்டிவிட்டேன். வெளியே 265 பேர். அதில் 71 குழந்தைகள்.

13:05
உள்ளிருந்து தியோடர்:

"எப்சி, சற்குணம் அண்ணாச்சி கேட்டாவ, சாவியக் குடுத்துட்டேன். தப்புதான். ஆனா நான் மாத்திர போடல. பாத்திரம் எங்கிட்ட வரதுக்குள்ள அந்த ரெண்டு பேரும் விழுந்துட்டாவ. மேல பாடகர் மேடைல தனியா நிக்கேன். இங்க உள்ள பக்கக் கதவத் தொற."

பக்கக் கதவிலுள்ள வெப்பமானி அவருக்கு 36.8 காட்டுகிறது. மாத்திரை போட்டவர்களுக்கும் அதையேதான் காட்டியது. தனிமை அறைகள் நான்கிலும் பழைய நோயாளிகள். அவரை வைக்க இடமில்லை, குழந்தைகள் பக்கம்தான் விட வேண்டும். அந்தக் கதவின் மாற்றுத் தட்டு வழியாக அவர் இரத்தம் வாங்கினேன். முடிவு தெரிய இருபது மணி நேரம் ஆகும். பொய் சொல்கிறார் என்று திட்டினேன். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவரை.

நாள் 217. 09:20
முடிவு வந்தது. தியோடருக்கு நோய் இல்லை. பக்கக் கதவுக்கு ஓடினேன்.

09:26
மானி அவருக்கு 39.4 காட்டுகிறது.

"காச்சல்ல குளிருது, மேலதான் சூடுன்னு எல்லாரும் ஏறி வந்துட்டாவ எப்சி. எம்மேல சாஞ்சாவ. எப்படிம்மா தள்ளுறது?"

நேற்று அவர் சொன்னது உண்மை. நேற்றே திறந்திருக்கலாம். இப்போது திறக்க முடியாது. கதவில் கை வைத்தபடி நின்றேன், திறக்கவில்லை.

நாள் 221. 15:00
வெளியே புதிய நோயாளி இல்லை. இந்தத் தடவை எல்லாருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தேன்.

சற்குணம், உள்ளிருந்து, இருமலோடு:

"டாக்டரம்மா... மிச்சப் பேருக்கும் அன்னைக்கே திருவிருந்து குடுத்து முடிச்சாச்சு. 138 பேரையும் பட்டியல்ல ஏத்திருங்க."

அதற்குப் பிறகு அவர் குரலும் இல்லை. கேமராவில் 87 பேர் அசைவில்லாமல் கிடக்கிறார்கள். பாடகர் மேடையில் தியோடரும்.

15:40
செத்தவர்களுக்கு ஓட்டு கிடையாது. பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக அடித்தேன். 86 பெயர் அடித்தாயிற்று. தியோடர் பெயரை அடிக்க மாட்டேன். கை வரவில்லை. அவருக்கு ஓட்டு இருக்கட்டும். அதற்குத்தானே அந்தச் சாவியைக் கொடுத்தார்.