குரோட்டன்ஸ் இடம் மாறியது

ஜூன் 4
இன்றும் இலை உதிர்ந்திருக்கிறது. அக்கா வீட்டில் சிவப்பும் மஞ்சளுமாக ஜொலித்த குரோட்டன்ஸ். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு நானும் அதுவும்தான் வந்தோம். இடம் மாறினால் அதற்குக் கோபம் வரும், இலையைக் கொட்டும். எனக்கு வந்தால் யாரிடம் காட்டுவது?

அவருடைய மூத்த தாரத்து மகளுக்குப் பத்து வயது. மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன். "உங்க செடி செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன்" என்றாள், சரக்கு தீர்ந்துவிட்டது என்கிற கடைக்காரரைப் போல.

ஜூன் 12
மதியம் தூங்கிப்போனேன். கனவில் இலைகள் மேல்நோக்கி விழுந்தன. விழித்தபோது பால்கனி முழுக்க வெயில். எந்த வீட்டில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது.

ஜூன் 20
மேனேஜர் தன் தட்டைத் தானே கழுவுகிறாள். "நீங்க சிரமப்படாதீங்க." விருந்தாளியிடம் பேசுவதுபோல. அம்மா இருந்த வீட்டில் நான் யார் அவளுக்கு? அவரோ, "போகப்போகச் சரியாயிடும்" என்கிறார். எப்போ போய், எப்போ சரியாக — முடியலப்பா.

ஜூன் 21
நகத்தால் தண்டைக் கீறினேன். உள்ளே பச்சை.

ஜூலை 10
துளிர்! வெறும் பச்சைதான், வெயில் பட்டால் நிறம் ஏறும். வாசம் இல்லை, பூவும் பெயருக்குத்தான். இலைக்காகவே வேலியில் நடுகிறார்கள், பூங்கொத்தில் செருகுகிறார்கள். மேனேஜரிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள். ஆனால் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

செப்டம்பர் 5, வெள்ளி
ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போகிறேன். "கொஞ்ச நாள்" என்றேன். எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை. செடியை மறுபடி நகர்த்தினால் தாங்காது. ஒரு கொம்பு மட்டும் வெட்டி, வெட்டில் வடியும் பால் காயட்டும் என்று ஜன்னலில் வைத்தேன். மேனேஜர் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்தாள்.

"எதுக்கு வெட்டின?"

"அக்கா வீட்ல நடறதுக்கு."

"அங்க எதுக்கு? சொல்லிட்டு வெட்ட மாட்டியா?"

கதவைப் படாரென்று சாத்தினாள். இந்த வீட்டில் என்னோடு யாரும் சண்டை போட்டதே இல்லை. அழுகை வந்தது. கூடவே சிரிப்பும்.

செப்டம்பர் 7, ஞாயிறு
ஜன்னலில் கொம்பைக் காணோம். அதே தொட்டியில், செடியை ஒட்டி நட்டிருக்கிறாள். பால் காயும் முன்பே. பிடிக்குமோ என்னவோ. மண்ணை மட்டும் அப்படி அழுத்தியிருக்கிறாள்.

பள்ளிச் சட்டையின் கை முழுக்கப் பழுப்புக் கறை. குரோட்டன்ஸ் பால் லேசில் போகாது. ஊறவைத்திருக்கிறேன். நாளைக்கு அவளுக்கு வேறு சட்டை இல்லை. வரவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.