கறுத்துப்போன எட்டுப் பக்கங்கள்

தோஸ்த்,

முந்தாநாள் வேலூர்க் கடைத்தெருவில், பழைய புத்தகம் விற்கிறவன் சாக்கு விரித்த இடத்தில், நம்ம நாவலைப் பார்த்தேன். அதே பச்சை அட்டை, அதே மலைப் படம். எடுத்து மோந்து பார்த்தேன். கடுக்காய் வாசனை இல்லை. அதனாலேயே யாரோ அந்நியர் வீட்டுப் புத்தகம் மாதிரி இருந்தது. ஆனால் கடைசி எட்டுப் பக்கமும் கறுக்காமல் வெள்ளை வெளேரென்று, எழுத்தெல்லாம் தெளிவாக இருந்தன. பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். ஸ்டேஷன் பெஞ்சியில் உட்கார்ந்து அந்த எட்டுப் பக்கத்தையும் படித்து முடித்ததும், "அடப்பாவி!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மாள் எழுந்து அடுத்த பெஞ்சிக்குப் போனாள்.

நீ உயிரோடு இருந்திருந்தால் ஆம்பூர் போய்ச் சேர்ந்ததும் உன்னிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருப்போம். போன ஐப்பசிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. எழுதித்தான் சிரிக்க வேண்டியிருக்கிறது.

நான் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் எடை எழுதுகிற ரைட்டர். நீ ஜவ்வாது மலையிலிருந்து பொதிமாட்டில் அதற்கு வேண்டிய கடுக்காய் இறக்கிக்கொண்டு வருகிறவன். தை பிறந்தால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவாய். தரம் பிரித்து எடை போடுவதற்குள் இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை கிடங்கு வாசலில் உனக்கு வேலையில்லை. அப்போதுதான் நான் புத்தகத்தைப் பிரிப்பேன். உனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கதை கேட்கிற காது உன்னைப்போல் யாருக்கும் இருந்ததில்லை.

நம்ம காலத்துக் கதை அது. ராஜா கிடையாது, மாயக் குதிரை கிடையாது. மலைமேலே ஒரு சின்ன ஊர், ஒரு கடைத்தெரு, ஒரு தபாலாபீஸ், துணி காயவிடாத மழை. அந்த ஊரில் ஒரு டெய்லர். தபால்காரர் பெண் ஒரே ரவிக்கையை நாலு தடவை அவனிடம் கொண்டுவந்து, இங்கே பிடிக்கிறது, அங்கே தளர்கிறது என்பாள். "ரவிக்கைக்கு ஒண்ணும் இல்ல ரைட்டரே, பொண்ணுக்குத்தான் இன்னாவோ ஆயிருச்சி" என்று நீ சொன்னதும் மூட்டை தூக்குகிறவர்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள்.

எழுதினவரையும் நீ சும்மா விடவில்லை. டெய்லர் பாடிக்கொண்டே மலை ஏறினான் என்று நான் படித்ததும், "நிறுத்து நிறுத்து" என்றாய். "மலை ஏர்றவன் எங்கயாவது பாடுவானா? மூச்சு வாங்கவே நேரம் பத்தாது. எறங்கறவன்தான் பாடுவான். அவரை ஒரு நடை என் மாட்டோட வரச் சொல்லு." அப்படிச் சொன்னவன்தான், டெய்லர் மிஷினுக்குப் பக்கத்தில் கணப்புச் சட்டி வைத்துக்கொண்டு தைக்கிற இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாய். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று நிறுத்தினேன். "இன்னா, மழை விட்டுருச்சா?" என்றாய்.

பாதிக் கதையில் டெய்லருக்குப் பட்டணத்துப் பெரிய கடையிலிருந்து கடிதம் வந்தது, வேலைக்கு வா என்று. அதே வாரம் நம்ம ஷாப் முதலாளி சாயபு உன்னைக் கூப்பிட்டு, கடுக்காய்க் கிடங்குக்கு மேஸ்திரியாக இங்கேயே இருந்துவிடு என்றார். கடித்துப் பார்த்தே காய் எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்கிறவனை அவருக்கு விட மனசில்லை. எனக்கும்தான். என் பக்கத்து வீடு காலியாக இருந்தது. உன்னிடம் கேட்காமலே அதற்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தேன். நீயோ மலைக்குப் போய் அடுத்த நடைக்கு வந்தும் பிடி கொடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னாடி சாயபுக்குப் பதில் சொல்லணும்" என்றேன்.

"டெய்லர் எறங்கினா நானும் எறங்கறேன். அவன் மலைலயே தங்கிட்டா நானும் தங்கிடறேன். நீ படி."

விளையாட்டு என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் விளையாட்டாக இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. வெளிச்சம் போய்விட்டது, காலையில் படிக்கலாம் என்று, தோல் பேல் கட்டுகிற இரும்புப் பட்டைத் துண்டு ஒன்றை அடையாளத்துக்கு அந்த இடத்தில் வைத்து மூடினேன். கணக்குப்பிள்ளை மூக்குப்பொடி மடிக்கக் கிழித்துவிடுவான் என்று பயந்து, நீ புத்தகத்தைக் கடுக்காய் ஊறுகிற தொட்டியை மூடியிருந்த ஈரச் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்தாய்.

கடுக்காய்த் தண்ணியில் இரும்பு பட்டால் மையாகக் கறுக்கும் என்று ஷாப்பில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். "ஆணி கீணி தோல் பக்கம் வரக்கூடாது" என்று தினம் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். இரும்பை வைத்தவனும் நானே. காயோடு பிறந்து வளர்ந்தவன் நீ. ஊறல் தண்ணியில் வைத்தவனும் நீயே. காலையில் பிரித்தால் கடைசி எட்டுப் பக்கமும் சிலேட்டுப் பலகை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ அந்தக் கறுப்புப் பக்கத்தை ஒவ்வொன்றாகப் புரட்டினாய், எழுத்துத் தெரிந்தவன் மாதிரி. பிறகு முடிவை நீயே சொன்னாய்.

"டெய்லர் மிஷினைத் தலைல வெச்சுக்கினு எறங்கறான். ரெண்டாவது திருப்பத்துல மழை புடிச்சிக்குது. மிஷின் துருப்புடிச்சுடுமேன்னு திரும்பிப் போய்ட்டான். மழை விட்டதும் வர்றேன்னு சொல்லியிருக்கான்."

"மழை விட்டுதா?"

"மலைல எங்க விடுது?"

போய் சாயபுவிடம் முடியாது என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கதையைச் சாக்கு வைத்து என்னை ஏமாற்றினான் என்று அந்த வருஷம் முழுக்க உன் மூட்டையை எடை போட்டேனே தவிர உன்னோடு பேசவில்லை. அடுத்த தையில் நீ ஒரு சுரைக்குடுக்கைத் தேனை என் மேஜைமேல் வைத்து, "டெய்லர் எப்பிடி இருக்கான்னு கேக்கவே மாட்டியா?" என்றாய். கேட்டேன். கல்யாணம் ஆகிவிட்டதாம். தபால்காரர் பெண்தானாம். அதற்கப்புறம் ஒவ்வொரு நடைக்கும் ஒரு சேதி: அவனுக்குப் பெண் பிறந்தது, கூரை ஒழுகியது, ஊருக்கு இன்னொரு டெய்லர் வந்து பேஜார் பண்ணினான். பத்து வருஷம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த நாவலை முடியவிடவில்லை. நான் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் அந்தத் தை மாசங்களைத்தான் முதலில் சொல்வேன்.

அச்சில் வந்த முடிவு இன்னா தெரியுமா? டெய்லர் பட்டணம் போகிறான், கடை முதலாளி மகளைக் கட்டுகிறான், மோட்டார் வாங்குகிறான். தபால்காரர் பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை! அந்தப் பக்கம் கறுக்காமல் இருந்திருந்தால் நீ சொன்ன சொல்லுக்கு இறங்கி வந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த வீட்டை நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு உன் பெண்சாதி வந்தாள், தனியாக மாடுகளை ஓட்டிக்கொண்டு. ஆம்பூர் என்றாலே தோல் நாற்றம் என்று முந்தானையால் மூக்கை மூடுகிறவள். எடை முடிந்தும் போகாமல் நின்றாள்.

"காய்ச்சல்ல கெடந்தப்போ, கீழ போனா டெய்லரு எப்பிடி இருக்காருன்னு ரைட்டரைக் கேட்டுட்டு வான்னாரு. யாருங்க அது?"

அவளை உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன். ரவிக்கை இடத்தில் சிரித்தாள். சாயபு கேட்டதைச் சொன்னேன், கறுத்த பக்கத்தைச் சொன்னேன், நீ சொன்ன முடிவைச் சொன்னேன். அப்போது அவள் சிரிப்பு நின்றது.

"அந்த வேலைக்கு எறங்கப் போறேன்னு சொன்ன அன்னிக்கு நான் அழுதேனுங்க. விடாம அழுதேன். காலைல மாடு ஓட்டிக்கினு கெளம்பறப்போகூட அழுதுக்கினுதான் இருந்தேன். உங்ககிட்ட அதைச் சொல்லலியா?"

"இல்லம்மா" என்றேன். "மலைல மழைன்னுதான் சொன்னான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாட்டை அவிழ்க்கும்போது திரும்பி, "டெய்லரு நல்லா இருக்காருன்னு நெனச்சுக்கறேன்" என்றாள். நல்லா இருக்கான், இன்னும் மழை விடலை, அடுத்த நடைக்கு வா, மீதியைச் சொல்றேன் என்றேன்.