ஒன்பதாம் விதி

என் மகளின் அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு இயக்கத்தை விட்டுப் பிரிந்தீர்கள், சரி. புது அமைப்புக்குப் புது விதிகளாவது எழுதியிருக்கக் கூடாதா? நேற்றுதான் உங்கள் அறிக்கை கைக்கு வந்தது. இயக்கத்துக்காக நான் தட்டச்சு செய்த அதே விதிகள், மேலே பெயர் மட்டும் வேறு.

ஒன்பதாம் விதியையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறீர்கள். பிரிந்து போகிறவனுக்கு மரணம். நீங்கள் சொல்லச் சொல்லத்தான் அதை அடித்தேன். "இது கொஞ்சம் அதிகமா இல்லையா?" என்று கேட்டதற்கு, "யார் பிரியப் போறாங்க, சும்மா அடி" என்றீர்கள். உங்களிடம் வாயைக் கொடுத்து நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்.

இப்போது உங்கள் பதினோரு பேரில் மூன்று பேர் தனியாகப் போய்விட்டார்களாம். அவர்களை என்ன செய்வதாக உத்தேசம்? அந்த விதியை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். பேசாமல் கையெழுத்துப் போடுங்கள்.

சனிக்கிழமை மகளின் பிறந்தநாளுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினீர்களே, வர வேண்டாம். என் அண்ணன் இன்னும் பழைய இயக்கத்தில்தான் இருக்கிறார். இரண்டு நாளாக நம் கூடத்தில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டுக்குக்கூட நாற்காலியை விட்டு எழுவதில்லை.

"ஏன் மாமா இங்கேயே உக்காந்திருக்கீங்க?" என்று மகள் கேட்டாள்.

"உங்கப்பா எழுதி வச்சதைத்தான் செய்யறேன், கண்ணு" என்றார்.

இப்போதைக்கு,
உங்கள் மனைவி