பட்டினி போடாத எலிகள்

காரைக்கால்
12.9.1984

அன்புள்ள மச்சானுக்கு அஜீசுன்னிசாவின் ஸலாம். நானும் உங்கள் உம்மாவும் சுகம்.

ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி முடிந்தது. குர்பானி ஆடு தண்ணீரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாமி விடவில்லை. "வயித்தக் காயப்போட்டு அறுத்தா அல்லா நம்மளக் கேக்க மாட்டானா?" என்று வெல்லம் கரைத்து வைத்து, அது குடித்த பிறகுதான் அறுக்கவிட்டார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் எலி மேய்ப்பதாக எழுதியிருந்தீர்கள். ஊரில் ஆஸ்பத்திரி உத்தியோகம் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். என்னை அங்கே அழைத்துக்கொள்ளும் காகிதம் என்ன ஆயிற்று? கல்யாணமாகி நான்கு வருடத்தில் நாம் சேர்ந்து இருந்தது எழுபத்து மூன்று நாள். நான் எண்ணவில்லை, மாமி எண்ணினார்கள்.

உங்கள் அஜீஸ்

பாரீஸ்
3.2.1985

அன்புள்ள அஜீசுக்கு,

காகிதத்தில் கையெழுத்துப் போட எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஒரு சிக்கல்.

இங்கே ஓர் எலியின் கல்லீரலை எடுத்து இன்னொன்றுக்கு வைத்துப் பார்க்கிறார்கள். கொடுக்கும் எலிக்கு முதல்நாளே தீனியை நிறுத்துவது என் வேலை. உன் கடிதம் வந்த பிறகு எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் தண்ணீர்ப் புட்டியில் சர்க்கரை கரைத்து வைத்தேன்.

அன்றிலிருந்து, கல்லீரலை வாங்கிய எலிகள் முன்பைவிட அதிகம் பிழைக்கின்றன. கொடுத்த எலியின் கல்லீரலில் சக்தி சேர்ந்திருந்ததால் இருக்கும். டாக்டரோ, அதே சமயம் எடுத்த கல்லீரலை ஊறவைக்கத் தாம் மாற்றிய மருந்துத் திரவத்தால்தான் என்று கட்டுரை எழுதுகிறார். அதை நம்பி நாளை மனிதருக்கும் செய்வார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், உன் காகிதமும் போகும். நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

முத்து முகம்மது

காரைக்கால்
21.2.1985

அன்புள்ள மச்சானுக்கு,

சொல்லிவிடுங்கள். யாரோ பெற்ற பிள்ளை அந்த மேசையில் கிடக்கும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

எனக்குக் கோபம் இருக்கிறது. சர்க்கரை வைத்ததற்கு இல்லை. முடிவை என் தலையில் வைத்தீர்களே, அதற்கு. சொல்லாதீர்கள் என்று இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

அஜீசுன்னிசா

பாரீஸ்
30.4.1985

அன்புள்ள அஜீசுக்கு,

சொல்லிவிட்டேன். டாக்டர் கத்தவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றே என் வேலை போயிற்று.

பிறகு அவரே பாதி எலிகளைப் பட்டினி போட்டு, பாதிக்குத் தீனி கொடுத்து, ஒரே திரவத்தில் வைத்துச் செய்துபார்த்தார். தின்ற எலிகளின் கல்லீரல்தான் தாங்கியது. நேற்று என் அறைக்கே வந்து சொன்னார். நாட்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து இறப்பவர்களிடமிருந்து கல்லீரல் எடுக்கும்போது, அவர்கள் உடம்பில் என்ன ஆகாரம் ஏறியது என்று இனிமேல் கேட்கப்போகிறாராம். உன் காகிதத்தைப் பற்றிக் கேட்டேன். வேலை இல்லாதவனுக்குச் சட்டம் இடம் தராது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி ஊருக்குக் கிளம்புகிறேன். உனக்குப் பாரீஸைக் காட்ட முடியவில்லை. மன்னித்துவிடு.

முத்து முகம்மது

காரைக்கால்
14.5.1985

அன்புள்ள மச்சானுக்கு,

மாமி அழுதார்கள், பிறகு உங்கள் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னார்கள். நான் ஒரு வாரமாவது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருப்பேன், சொல்லிவிட்டேன்.

பாரீஸை நான் எப்போது கேட்டேன்? உங்களோடு இருக்கத்தான் கேட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உங்கள் அஜீஸ்