எடைமேடைத் திரையில் உன் பெயர்

இன்று காலை அரியலூர் லாரி எடைமேடைக்குப் போயிருந்தேன். சட்டையெல்லாம் அதே சுண்ணாம்புக்கல் தூசி. திரையின் அடியில் "உதவிக்கு அழைக்கவும்" என்ற வரியில் இன்னும் உன் பெயரும் நம்பரும்தான். ஆபரேட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார் தவறுனதுலேர்ந்து அந்த நம்பருக்கு அடிச்சா அவரோட வூட்டம்மா எடுக்குறாங்க. என்னங்க பேசுறது? மாத்திடுங்க."

பெரம்பலூரில் ஒரே மேசையில் நாம் எழுதிய மென்பொருள் அது. திரையில் எதையும் நேராக எழுதக்கூடாது என்பாய். எடை, நம்பர் மாதிரியான மதிப்பு பின்னால் ஓரிடத்தில் இருக்கும், திரை அதோடு இணைந்திருக்கும், அங்கே மாறினால் இங்கேயும் தானாக மாற வேண்டும். அதற்கு, மாறிவிட்டது என்று திரைக்கு அறிவிக்கும் ஒரு வரி வேண்டும். எடைக்கு அந்த வரியை எழுதிய நான் லாரி நம்பருக்கு எழுத மறந்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் நிரலை மூடித் திறப்பது நம் வழக்கம் என்பதால் நம்பர் சரியாகவே வந்துகொண்டிருந்தது. எடைமேடையிலோ காலையில் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவார்கள்.

அங்கே எடை மாறியது, நம்பர் மாறவில்லை. பின்னால் வந்த லாரியின் அதிக பாரம் பாடாலூர்க்கார டிரைவர் ஒருவரின் லாரி நம்பரில் பதிவாகி, அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும், சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பிவிடலாம் என்றேன். உனக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "அந்தாளு பொழப்பே போயிடுச்சுடா. நீ ஒரு வரிய சேத்துட்டா ஆச்சா? கெளம்பு, நேர்ல போயி சொல்லு."

எடைமேடை மேனேஜர் முன்னால், டிரைவரையும் வரவழைத்து, என்னையே பேச வைத்தாய். "தப்பு என்னோடதுங்க" என்றேன். டிரைவர் திட்டுவார் என்று பயந்தேன். அவர், "நான் சொன்னத எம்பொண்டாட்டிகூட நம்பலங்க" என்று மட்டும் சொன்னார். மறுநாள் லாரியில் ஏறிவிட்டார். நீ அன்று முழுக்க அங்கேயே நின்று ஒவ்வொரு லாரிக்கும் திரையைப் பார்த்தாய். ரொம்பத்தான் செய்கிறாய் என்று எனக்கு எரிச்சல். இப்போது நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

இன்று அந்த உதவி வரிக்கான மதிப்பை மாற்றினேன். எதையும் மூடித் திறக்கவில்லை. உன் பெயர் போய் என் பெயர் வந்தது. "வந்துடுச்சுங்க" என்றார் ஆபரேட்டர். எல்லாம் நீ சொன்னபடியே வேலை செய்தது, எனக்குத்தான் தாங்கவில்லை.

இனி தொந்தரவு இருக்காது என்று உன் மனைவிக்குப் போன் செய்தேன். "அவரக் கேட்டு வந்துக்கிட்டிருந்த போனு அது ஒண்ணுதாண்ணே" என்றார்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றியிருக்கிறேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. உன் வீட்டுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.